விசாவைக் காட்டி மிரட்டினால் சம்பளம் கேட்கக் கூடாதா?

கேள்வி: ஐயா, மெல்பர்னில் முதுநிலைப் படிப்பு படிக்கிறேன். வயது 24. பதினான்கு மாதமாக ஒரு தமிழ் உணவகத்தில் வேலை பார்த்தேன். மணிக்கு 15 டாலர், கையில் ரொக்கம். பே ஸ்லிப் கொடுத்ததே இல்லை. வாரத்துக்கு 30 மணி நேரம், வகுப்பு நடக்கும் வாரங்களிலும் அப்படித்தான். நடுவில் ஒருநாள் ஏபிஎன் (தனியாகத் தொழில் செய்பவர்களுக்கான வணிகப் பதிவு எண்) எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், எடுத்தேன். முதலாளி அண்ணா எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். வந்த புதிதில் தங்க அறை பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான். போன வாரம் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டித் தரக் கேட்டேன். “மணிக்கணக்கை மீறி வேலை செய்தவன் நீ. இமிக்ரேஷனுக்கு ஒரு மெயில் போட்டால் போதும்” என்றார். மறுநாள் வாட்ஸ்அப்பில் “இனி வர வேண்டாம்” என்று செய்தி வந்தது. இப்போது இருவருக்கும் தெரிந்த ஒருவர் வந்து, 2,000 டாலர் தருகிறார்களாம், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? புகார் செய்தால் விசா போய்விடுமா? உதவி செய்தவருக்கு எதிராகப் போவது சரியா?
- பெயர் வேண்டாம், கிளேட்டன்

பதில்: தம்பி, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இதையும் ஒரு தேதியையும் உங்களுக்கு ஏற்கெனவே மின்னஞ்சலில் எழுதிவிட்டேன், ஏனென்றால் இந்தப் பக்கம் வெளியாகும்வரை காத்திருக்க உங்கள் விஷயத்தில் நேரமில்லை. மற்றதை, உங்களைப் போலவே மணிக்கு 12, 15 டாலருக்கு வேலை பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன். உங்கள் கையில் இருக்கும் காகிதங்களை நான் பார்க்கவில்லை. அதனால் இதைப் பொதுவான விளக்கமாக எடுத்துக்கொண்டு, அடுத்த சில நாட்களுக்குள் ஒரு வழக்கறிஞரை நேரில் பார்த்துவிடுங்கள்.

முதலில் அந்தத் தேதி. உங்களுக்கு இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. வேலையை விட்டு நீக்கியது ஒன்று, சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தது இன்னொன்று. இரண்டுக்கும் போகும் இடமும் வேறு, காலக்கெடுவும் வேறு. குறைத்துக் கொடுத்த சம்பளத்தைக் கேட்க ஆறு ஆண்டுகள் இருக்கின்றன. வேலை நீக்கத்தை எதிர்க்க ஃபேர் வொர்க் கமிஷன் என்ற தொழில் தீர்ப்பாயத்தில் மனு போட, நீக்கிய நாளிலிருந்து 21 நாள்தான். சனி, ஞாயிறும் அதற்குள் அடக்கம். “பேசித் தீர்த்துக்கொள்ளலாம்” என்று இழுத்துக்கொண்டே போய் 21 நாள் தாண்டிவிட்டால், மிக அசாதாரணமான காரணம் இருந்தால் மட்டுமே கமிஷன் மனுவை எடுக்கும். எனக்குச் சட்டம் தெரியாது, நண்பர் சமாதானம் பேசிக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வராது. நடுவில் வந்து பேசும் அந்தப் பெரிய மனிதர் நல்லெண்ணத்தோடுதான் வந்திருப்பார், நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அவர் பேசப் பேச ஓடுவது உங்கள் நாள், முதலாளியின் நாள் அல்ல.

“நான் கேஷுவல்தானே, நிரந்தர வேலையாள் இல்லையே, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாமே” என்று நீங்கள் நினைக்கலாம். முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒழுங்காக, வாராவாரம், தொடர்ந்து வேலை வரும் என்று எதிர்பார்க்கும் நிலையில் வேலை செய்த கேஷுவல் தொழிலாளியும் நியாயமற்ற பணிநீக்கம் என்று மனு போடலாம். அதற்கு ஆறு மாதம் வேலை செய்திருக்க வேண்டும். 15 பேருக்குக் குறைவான நிறுவனம் என்றால் ஒரு வருடம். உங்களுக்குப் பதினான்கு மாதம், ஆகவே இரண்டிலும் தேறுகிறீர்கள். இந்த வழியில் போனால் கிடைக்கும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு 26 வாரச் சம்பளம்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு இன்னொரு வழிதான் கூடுதலாகப் பொருந்துவதாகப் பட்டது. சம்பளத்தைப் பற்றிக் கேட்டீர்கள், மறுநாள் வேலை போனது. தன் வேலை சம்பந்தமாகக் கேள்வி கேட்பதும் புகார் சொல்வதும் சட்டம் பாதுகாக்கும் உரிமை. அதற்காக ஒருவரை நீக்கினால் அது ‘ஜெனரல் ப்ரொடெக்ஷன்ஸ்’ என்ற பிரிவில் வரும். அங்கே ஆறு மாதம், ஒரு வருடம் என்ற நிபந்தனை கிடையாது, 26 வார வரம்பும் கிடையாது. முக்கியமாக, நீக்கியதற்குக் காரணம் அந்தக் கேள்வி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியின் தலையில் விழும். அதற்கும் அதே 21 நாள்தான். இரண்டு மனுவையும் ஒருசேரப் போட முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எது என்று முடிவெடுக்கத்தான் வழக்கறிஞர் வேண்டும் என்கிறேன். மனுக் கட்டணம் ஏறக்குறைய 90 டாலர், கஷ்டம் என்று எழுதிக் கொடுத்தால் தள்ளுபடி கேட்கலாம். முதல் கட்டப் பேச்சுவார்த்தை பெரும்பாலும் தொலைபேசியில்தான் நடக்கும். கோர்ட், கூண்டு என்றெல்லாம் கற்பனை செய்து பயப்படாதீர்கள்.

இனி விசா. உங்கள் பயம் மொத்தமும் இதில்தான் இருக்கிறது, முதலாளியின் பலமும் இதில்தான்.

மறைக்காமல் சொல்கிறேன்: வகுப்பு நடக்கும் காலத்தில் மாணவர் விசாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2023 ஜூலை முதல் இந்த அளவு. விடுமுறைக் காலத்தில் வரம்பு இல்லை. நீங்கள் செய்தது இரண்டு வாரத்துக்கு 60. அது மீறல்தான், இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அதிலிருந்து “ஆகவே உனக்குச் சம்பளம் கேட்க உரிமை இல்லை” என்று முதலாளி தாவுகிறாரே, அந்தத் தாவலுக்குத்தான் சட்டத்தில் இடமில்லை. விசா நிபந்தனையை மீறியவரின் வேலை ஒப்பந்தமும் செல்லும், அவருக்கும் எல்லோரையும் போல முழுச் சம்பளம் உண்டு என்று 2023 ஜூலையில் ஃபேர் வொர்க் சட்டத்திலேயே எழுதிச் சேர்த்துவிட்டார்கள். ஐம்பதாவது மணி நேரமும் வேலை செய்த நேரம்தான், அதற்கும் காசு உண்டு.

அடுத்து, அவர் சொன்ன மிரட்டல். 2024 ஜூலை 1 முதல், ஒருவரின் விசா நிலையைக் காட்டி அவரை ஒரு வேலை ஏற்பாட்டுக்குப் பணிய வைப்பதே குடிவரவுச் சட்டத்தில் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை இருக்கிறது. அப்படிச் செய்யும் முதலாளி இனித் தற்காலிக விசாக்காரர்களை வேலைக்கே எடுக்க முடியாதபடி தடை போடவும் வழி இருக்கிறது. இமிக்ரேஷனுக்கு மெயில் போடுகிறேன் என்று சொன்னவர், அந்த மெயிலில் தன் கடையின் பெயரையும் எழுதியாக வேண்டும் என்பதை யோசித்தாரா தெரியவில்லை.

உங்களுக்கான பாதுகாப்பும் அதே மாதத்தில்தான் வந்தது. சுரண்டலுக்கு ஆளாகி, அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும் தற்காலிக விசாக்காரர்களுக்கு, அந்தச் சுரண்டலோடு தொடர்புள்ள வேலை நிபந்தனை மீறலுக்காக விசாவை ரத்து செய்வதில்லை என்ற ஏற்பாடு அது. இதற்கு, சுரண்டல் நடந்தது என்று அரசு அமைப்போ, அங்கீகாரம் பெற்ற சட்ட மையம் அல்லது தொழிற்சங்கம் போன்ற அமைப்போ சான்று கொடுக்க வேண்டும். இனி நிபந்தனையை மீற மாட்டேன் என்று நீங்களும் உறுதி தர வேண்டும். சோதனை முயற்சியாகத் தொடங்கிய ஏற்பாடு என்பதால், நீங்கள் போகும் அன்று அதன் விதி என்ன என்பதை வழக்கறிஞரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அதனால்தான் வரிசை முக்கியம்: முதலில் விசா ஆலோசனை, அந்தச் சான்றுக்கான பேச்சு, பிறகு மற்ற புகார்கள். விசா, வேலை இரண்டையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கும் இலவச சட்ட மையங்கள் இருக்கின்றன. “என் கையில் கொடு, இமிக்ரேஷனில் ஆள் இருக்கிறது” என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் மட்டும் போய்விடாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு விசா ஆலோசனை சொல்பவர் வழக்கறிஞராக இருக்க வேண்டும், இல்லையேல் பதிவு பெற்ற ஏஜென்ட்டாக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, பணம் எவ்வளவு? 2,000 டாலர் பெரிய தொகையாகத் தெரிகிறதா, அப்படியானால் சேர்ந்து கணக்குப் போடுவோம். 2025 ஜூலையிலிருந்து நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். கேஷுவல் என்றால் அதன் மேல் 25 சதவீதம், அதாவது 31.19. அதற்கு முந்தைய ஆண்டு 24.10, கேஷுவலுக்கு 30 டாலருக்குச் சற்று மேல். ஆக எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு மணிக்கு 15 டாலருக்கு மேல் குறைத்திருக்கிறார்கள், பாதிக்குப் பாதி. வாரம் 30 மணி என்றால் வாரத்துக்கு 450 டாலர். பதினான்கு மாதத்தை அறுபது வாரம் என்று வைத்தால் 27,000. இது அடிமட்டக் கணக்கு. உணவகத் தொழிலுக்கென்று தனியாக ‘அவார்டு’ என்ற கூலி விதித் தொகுப்பு இருக்கிறது, அதில் பதவி நிலைக்கு ஏற்ற கூலி, சனி ஞாயிறுக்கும் பொது விடுமுறைக்கும் இரவு பத்துக்கு மேலும் கூடுதல் கூலி என்று தனித்தனியாக உண்டு. உணவகத்தில் யார் செவ்வாய்க்கிழமை மதியம் மட்டும் வேலை செய்கிறார்கள்? உங்கள் ஷிஃப்ட்களில் பாதி வெள்ளி, சனி இரவாகத்தான் இருக்கும். அதையும் சேர்த்தால் தொகை இன்னும் ஏறும். சம்பளப் புகார்களை விசாரிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் இணையதளத்தில் கூலி கணக்கிடும் கருவி இருக்கிறது, உட்கார்ந்து வாரவாரியாகப் போட்டுப் பாருங்கள்.

இதோடு சூப்பர், அதாவது சம்பளத்துக்கு மேல் முதலாளி கட்ட வேண்டிய ஓய்வுக்கால நிதி. 2025 ஜூலை முதல் 12 சதவீதம், அதற்கு முந்தைய ஆண்டு 11.5. மாதம் 450 டாலருக்குக் குறைவாகச் சம்பாதித்தால் சூப்பர் இல்லை என்ற பழைய விதி 2022லேயே போய்விட்டது. ஆனாலும் சில கடைகளில் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கட்டாத சூப்பரை வரித்துறையிடம் புகார் செய்ய வேண்டும். படிப்பு முடிந்து நாட்டை விட்டே போய்விட்டாலும், விசா முடிந்த பின் அந்தப் பணத்தை எடுக்கலாம், வரி 35 சதவீதம் பிடிப்பார்கள். வரி என்றதும் ஒன்று: வாங்கிய ரொக்கத்தை நீங்கள் வருமானமாகக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை என்றால் வரிக் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்துவிடுங்கள், பிறகு அதை வைத்து யாரும் உங்களை மிரட்ட முடியாது.

ஏபிஎன் கதைக்கு வருவோம். “நீ என் ஊழியன் இல்லை, காண்ட்ராக்டர்” என்று சொல்லத்தான் அதை எடுக்க வைத்திருப்பார்கள். நேரம் குறிப்பது அவர், வேலை சொல்வது அவர், சமையலறை அவருடையது, உங்கள் இடத்தில் வேறு ஆளை அனுப்ப உங்களால் முடியாது. அப்படியென்றால் நீங்கள் ஊழியர்தான், உங்களிடம் எத்தனை ஏபிஎன் இருந்தாலும். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட உண்மையில் வேலை எப்படி நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டு 26 முதல் சட்டமே சொல்கிறது. ஊழியரைக் காண்ட்ராக்டர் என்று பொய்யாகக் காட்டுவது தனிக் குற்றச்சாட்டாகவும் வரும்.

“பே ஸ்லிப்பே இல்லை, எதை வைத்து நிரூபிப்பேன்” என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்கு ஒரு பின்னணி உண்டு. 2015இல் 7-இலெவன் கடைகளில் நடந்தது செய்தியாக வெடித்தது. வெளிநாட்டு மாணவர்களுக்குப் பாதிச் சம்பளம், போலியான நேரப் பதிவு, கணக்கில் முழுச் சம்பளம் போட்டுவிட்டு ரொக்கமாகத் திரும்ப வாங்குவது. அப்போது மாணவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு 40 மணி வரம்பு. அதை மீறியதைச் சொல்லித்தான் அவர்களையும் வாயடைத்து வைத்திருந்தார்கள். உங்கள் முதலாளி புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. கடைசியில் அந்த நிறுவனம் 15 கோடி டாலருக்கும் மேல் திருப்பிக் கொடுத்தது. அந்த விவகாரத்துக்குப் பிறகு 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள். முதலாளி நேரப் பதிவு வைக்கவில்லை, பே ஸ்லிப் கொடுக்கவில்லை என்றால், தொழிலாளி சொல்லும் கணக்கு தவறு என்று காட்டும் பாரம் முதலாளியுடையது. பே ஸ்லிப்பைச் சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் தர வேண்டும், பதிவுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். அவர் எதையும் எழுதி வைக்காதது உங்களைவிட அவருக்குத்தான் ஆபத்து.

அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். வேலை நேரம் போடும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து உங்களை நீக்கும் முன் எல்லாச் செய்தியையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், “இனி வர வேண்டாம்” என்ற செய்தியைத் தேதி தெரிகிறபடி. ரயில், பஸ்ஸுக்கான மைகி அட்டையைப் பதிவு செய்திருந்தால் பயண வரலாறு கிடைக்கும். போனில் இருப்பிட வரலாறு இருக்கலாம். ரொக்கத்தை வங்கியில் போட்டிருந்தால் அந்தத் தேதிகள். கூட வேலை செய்தவர்களில் யார் சாட்சி சொல்வார்கள் என்று இப்போதே யோசியுங்கள், ஆனால் வற்புறுத்தாதீர்கள், அவர்களுக்கும் இதே பயம் இருக்கும். மிரட்டலை வாயால்தான் சொன்னார் என்றால், என்ன சொன்னார், எப்போது, யார் இருந்தார்கள் என்று இன்றே எழுதி உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். இனி அவரோடு பேச்சு எல்லாம் எழுத்திலேயே இருக்கட்டும். பேச்சைப் பதிவு செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். நாம் பங்கெடுக்கும் உரையாடலைப் பதிவு செய்வது விக்டோரியாவில் ஒரு மாதிரி, நியூ சவுத் வேல்ஸில் வேறு மாதிரி. அங்கே சம்மதம் இல்லாமல் பதிவு செய்தால் பெரும்பாலும் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள். கேட்காமல் செய்யாதீர்கள்.

பணத்தை வசூலிக்கும் வழி: முதலில் ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன், 13 13 94. சேவை இலவசம். தமிழில் பேச வேண்டும் என்றால் 131 450 அழைத்து மொழிபெயர்ப்பாளர் வழியாக இணைக்கச் சொல்லலாம். பெயரைப் பார்த்து கமிஷனையும் இவர்களையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். இங்கே புகார் கொடுத்தால் அந்த 21 நாள் நிற்காது. அதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். இங்கே தீராவிட்டால் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை நடைமுறை, 1,00,000 டாலர் வரை, வழக்கறிஞர் இல்லாமலே நடத்தும்படி அமைத்தது. வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைப்பது 2025 ஜனவரி 1 முதல் கிரிமினல் குற்றமும்கூட. ஆனால் அது அரசு எடுக்கும் வழக்கு. அதை நீங்கள் அவரிடம் மிரட்டலாகச் சொல்ல வேண்டாம்.

இப்போது அந்தத் தாள். குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாக வாங்கிக்கொள்கிறேன் என்று வேலையில் சேரும்போது ஒப்புக்கொண்டால் அது செல்லாது. ஆனால் தகராறு வந்த பிறகு “எல்லாக் கோரிக்கையும் இத்துடன் தீர்ந்தது” என்று காசு வாங்கிக் கையெழுத்துப் போட்ட தாள் வேறு. அதை உடைக்க ஒரு தனிப் போராட்டம் நடத்த வேண்டியிருக்கும். கமிஷனில் வேலை நீக்கத்தைப் பற்றிச் சமரசம் பேசும்போதும் இதே வாசகம் நுழையும். சில ஆயிரத்துக்கு வேலை நீக்கத்தை முடித்துவிட்டு, கூடவே 27,000 டாலர் சம்பளப் பாக்கியையும் தாரை வார்த்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சமரசம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பளப் பாக்கியையும் சேர்த்துத்தான் அந்தத் தொகை என்றால் தொகை அதற்கேற்ப இருக்க வேண்டும், இல்லையென்றால் சம்பளம் இதில் சேராது என்று அதே தாளில் எழுத வேண்டும்.

கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்க விடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். அறை பார்த்துக் கொடுத்தார், அதற்கு நன்றியோடு இருங்கள், அது உண்மையான உதவி. அதற்கு விலை 27,000 டாலர் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் நீங்கள் வேறு அறை பார்த்திருப்பீர்கள். வாடகையும் கேஸ் பில்லும் ஏறிக்கிடக்கும் காலத்தில் சின்ன உணவகம் நடத்துவது கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும். என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் கடைக்காரர்களும் உண்டு. ஆனால் அதே தெருவில் அவார்டு கூலி கொடுத்துத் தோசை விற்பவரும் இருக்கிறார். பாதிக் கூலிக்கு ஆள் வைத்திருப்பவரோடு அவர் எப்படி விலையில் போட்டி போடுவார்? ‘நம்ம ஆள்’ என்று நாம் இரக்கப்படும்போது அந்த இன்னொரு நம்ம ஆளை மறந்துவிடுகிறோம்.

நடுவில் பேசுபவருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: “அண்ணா, நீங்கள் எடுத்த சிரமத்துக்கு நன்றி. சட்ட ஆலோசனை எடுத்துக்கொண்டிருக்கிறேன், அதுவரை எதிலும் கையெழுத்துப் போட முடியாது. ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.” அதற்கு மேல் ஒரு வரி வேண்டாம், கோபமும் வேண்டாம்.

பிறகு விக்டோரியாவில் ஜாப்வாட்ச், இல்லையேல் மைக்ரண்ட் வொர்க்கர்ஸ் சென்டர், அல்லது உங்கள் பகுதிச் சமூக சட்ட மையத்தைக் கூப்பிடுங்கள். சிட்னியில் இருக்கும் மாணவர்களுக்கு ரெட்ஃபர்ன் சட்ட மையம். பல்கலைக்கழக மாணவர் சங்கத்திலும் இலவச சட்ட உதவி இருக்கிறதா என்று கேளுங்கள். அழைத்ததும் முதல் வாக்கியத்திலேயே “என்னை வேலையிலிருந்து நீக்கி இத்தனை நாள் ஆகிறது” என்று சொல்லுங்கள். 21 நாள் நெருங்குகிறது என்று தெரிந்தால் வரிசையில் முன்னால் எடுப்பார்கள். ஒருவேளை நேரத்துக்கு யாரும் கிடைக்காமல் போனால், கமிஷன் இணையதளத்தில் மனுவை நீங்களே போட்டுவிடுங்கள். தமிழ் வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் எழுதினாலும் பரவாயில்லை, விவரங்களைப் பிறகு திருத்திச் சேர்க்கக் கேட்கலாம்.